சுற்றாடல் நிதி எடுத்துத் தருவதாக 85,000 ரூபாவை விழுங்கியவர்கள்: மட்டக்குளியிலிருந்து ஓர் எச்சரிக்கை

சுற்றாடல் வேலைகளுக்கு வெளிநாட்டு நிதி எடுத்துத் தருகிறோம், முன்மொழிவையும் நாங்களே எழுதித் தருகிறோம் என்று முகநூலில் விளம்பரம் போடும் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் எங்கள் சிறுவர் கழகம் 85,000 ரூபாவைப் பறிகொடுத்திருக்கிறது. காலி வீதிப் பக்கம் ஒரு மாடியில் ஒஃபிஸ் கூட வைத்திருக்கிறார்கள். பெயரை இப்போதைக்குப் போடாதீர்கள் என்கிறார் லோயர். போட்டாலும் பெரிய பிரயோசனம் இல்லை, நாளைக்கே வேறு பெயரில் வேறு பலகை தொங்கும். ஆனால் ஆள் எப்படி வருவார், என்ன கதைப்பார் என்று சொல்வதற்கு யாரும் தடை போடவில்லை.

85,000 ரூபா எங்கிருந்து வந்தது தெரியுமா? பெற்றோர் ஐந்நூறு ஐந்நூறாகத் தந்தது. பழைய பேப்பரும் போத்தலும் சேர்த்து விற்றது. மீன் சந்தையில் நிற்கும் மாமா ஒருவர் "ரீச்சர், எனக்குக் கணக்கெல்லாம் காட்ட வேண்டாம்" என்று கையில் திணித்த பத்தாயிரம்.

களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் காக்கைதீவுக் கடற்கரை. மேலே மலைநாட்டில் மழை கொட்டினால் கொஞ்ச நாளில் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகாயத்தாமரைக் கொத்து, யோகட் கோப்பை, சலவைத்தூள் பக்கற், ஒற்றைச் செருப்பு எல்லாம் கரையில் கிடக்கும். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுக்குவோம், தரம் பிரிப்போம், எது எவ்வளவு என்று கொப்பியில் எழுதுவோம். இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. ஆற்றுக்குப் போகும் வாய்க்காலில் குப்பையை மறிக்க ஒரு வலைத் தடுப்பு, பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் படம் போட்ட ஒரு கைந்நூல், பிள்ளைகளை பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போக பஸ் காசு. (ஈரநிலம் பற்றிப் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடியதாகத் தமிழில் ஒன்று தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் எங்கள் பாடு.)

விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். உடனே ஒருவர் அழைத்தார். நல்ல தமிழ். "உங்களைப் போன்ற குழுக்களைத்தான் அக்கா வெளிநாட்டுக்காரர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார். ஒஃபிஸுக்கும் போய்ப் பார்த்தோம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் கண்டல் காட்டுப் படம், பக்கத்தில் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17ம் நிறம் நிறமாக. அங்கே வைத்து நான் ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஆள் காக்கைதீவுக்கே வந்துவிட்டார்.

சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு வந்தார். அலை ஒதுக்கிய குப்பைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, காய்ந்த மணலை உள்ளங்கையில் அள்ளி மெல்ல ஊதினார். மணல் பறந்து போக, வெள்ளையாகப் பருப்பளவில் இரண்டு மூன்று மணிகள் மிஞ்சின. இது என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டார். மீன் முட்டை என்றான் ஒருவன். "இல்லையடா, 2021இல கொழும்புக் கடல்ல எரிஞ்சு மூழ்கின எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல்ல இருந்து வந்த பிளாஸ்டிக். உன்னை விட இதுக்கு ஆயுசு கூட" என்றார். பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். பிறகு மீன்பிடிப் பூனையைப் பற்றிச் சொன்னார். கொழும்பு ஈரநிலங்களில் அது இன்னும் இரவில் திரிகிறது என்றார். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததைச் சொல்லி, அதனால்தான் இங்கே நிதி வரக் காத்திருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். கப்பல், பூனை, ராம்சார் எல்லாமே உண்மை. பூனையைப் பற்றி உண்மை சொல்பவர் காசைப் பற்றி மட்டும் ஏன் பொய் சொல்லப் போகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது தெரிந்துதான் அந்த ஆள் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறார்.

திட்டம் 12 இலட்சத்துக்கு. "உங்கள் பங்கு" 85,000. கழகத்தைப் பதிய, முன்மொழிவு எழுத, நிதியத்தில் ஃபைல் திறக்க. உலகச் சுற்றாடல் வசதி (ஜிஈஎஃப்) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியங்கள் திட்டம் என்றார். அப்படி ஒரு திட்டம் நிஜமாகவே உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். காசு போடச் சொன்ன கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அது எங்கள் கணக்காளருடையது அக்கா, கம்பனிக் கணக்குக்குப் போட்டால் வரி வெட்டுவார்கள், உங்களுக்குத்தான் நட்டம்." பதில் வாயிலேயே தயாராக இருந்தது. பற்றுச்சீட்டும் தந்தார்கள். முத்திரை, கையெழுத்து, 85,000 ரூபா எண்ணிலும் எழுத்திலும்.

அதோடு முடிந்தது மரியாதை. முதலில் கமிட்டி கூட வேண்டும். பிறகு கமிட்டி கூடிவிட்டது, மினிட்ஸ் வர வேண்டும். பிறகு வெசாக் லீவு. பிறகு ஜெனீவாவிலிருந்து பதில் வர வேண்டும். (ஏன் ஜெனீவா என்று இன்றுவரை விளங்கவில்லை. அந்த நிதியத்தின் செயலகம் இருப்பது வொஷிங்டனில்.) வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழும், பதில் விழாது. ஒஃபிஸுக்கு எடுத்தால் ஒரு பிள்ளை "சேர் ஃபீல்டில் நிற்கிறார்" என்பாள். எந்த ஃபீல்டில்? "தெரியாது மிஸ், நான் புதுசு." எப்போது எடுத்தாலும் அவள்தான், எப்போது எடுத்தாலும் புதுசுதான்.

ஒருநாள் ஆளே அழைத்தார். கடற்கரையில் கேட்ட அதே கனிவான குரல். நிதி சரிவந்துவிட்டதாம், காசை விடுவிக்க வங்கிக் கட்டணம் 40,000 மட்டும் கட்டினால் போதுமாம். அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன். அது இரகசியமாம். சரி, வருகிற 12 இலட்சத்தில் 40,000ஐக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாருங்கள் என்றேன். குரல் மாறிவிட்டது. இப்படிக் கதைத்தால் கழகத்தின் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகுமாம், பிறகு இலங்கையில் எந்த நிதியும் எடுக்க முடியாதாம். யோகட் கோப்பை பொறுக்கும் பிள்ளைகளுக்குக் கறுப்புப் பட்டியல்! அன்றிரவு அதே மிரட்டலை வொய்ஸ் மெசேஜாகவும் அனுப்பினார். அது பத்திரமாக இருக்கிறது.

எங்களுக்குத் தந்த முன்மொழிவுப் பிரதியைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் மகளிடம் கொடுத்தேன். தடித்த கட்டு, முழுக்க ஆங்கிலம். கொஞ்ச நேரத்தில் அவள் கேட்டாள்: "மாமி, மட்டக்குளியில ஆவுளியா இருக்கா?" ஆவுளியா என்றால் கடற்பசு. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடற்புல் மேய்கிற பிராணி. எங்கள் ஆற்று வாயில் அதற்கு என்ன வேலை? இன்னும் கொஞ்சம் தள்ளி, களப்பைச் சுற்றிக் கண்டல் நடுகிறோம் என்று இருக்கிறது. எங்களிடம் களப்பே இல்லை. மன்னார், புத்தளம் பக்கத்துச் சங்கம் எதற்கோ எழுதியதை எடுத்து எங்கள் பெயரைச் செருகியிருக்கிறார்கள். செருகிய இடத்தில் எழுத்தின் அளவு கூட வேறு. வலைத் தடுப்புக்கு ஒரு வரி. தமிழ்க் கைந்நூல் எங்குமே இல்லை. பிரதேச செயலகத்தில் விசாரித்தால், கழகத்தைப் பதிய எங்கள் பெயரில் ஒரு விண்ணப்பமும் வரவில்லை என்கிறார்கள்.

பொலிஸில் முதலில் இது சிவில் விஷயம் என்றார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று இருக்கிறதாம். வங்கிச் சீட்டையும் அந்த வொய்ஸ் மெசேஜையும் காட்டிய பிறகுதான் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள்.

இப்போது அந்த நிஜத் திட்டம். அதைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. 1992இல் தொடங்கியது, ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் (யுஎன்டிபி) நடத்துகிறது. ஊர்ச் சங்கங்களுக்கும் சிறு அமைப்புகளுக்கும் நேரடியாகக் கொடுப்பதற்கென்றே உள்ளது. யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த நாட்டில் ஒரு தேசிய வழிநடத்தல் குழு தீர்மானிக்கிறது, அதில் பெரும்பான்மை அரசு சாராதவர்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. சங்கத்தின் பங்கு என்று ஒன்று கேட்பார்கள்தான், ஆனால் அது உழைப்பாகவோ பொருளாகவோ இருக்கலாம், காசாக இருந்தாலும் உங்கள் வேலைக்குள்ளேயே போவது. தரகரின் கணக்காளருக்குப் போவதில்லை. இன்னும் கேளுங்கள். முன்மொழிவு தயாரிக்க வசதியில்லாத சங்கங்களுக்கு, தயாரிப்பதற்கென்றே சிறு தொகை கொடுக்கும் வழியும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. உள்ளூர் மொழியில் எழுதியதையும், எழுத முடியாதவர்கள் வீடியோவாக எடுத்துத் தருவதையும் ஏற்பதுண்டு. பிள்ளைகளின் கொப்பியிலேயே பாதி விண்ணப்பம் இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு 85,000 வாங்கி ஆவுளியா எழுதித் தந்திருக்கிறான் பாவி.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. நிதி வருவதற்கு முன் காசு கேட்டால் எழும்பி வாருங்கள். தனி ஆள் கணக்கு என்றால் ஒரு சதமும் போடாதீர்கள். நிதி கொடுக்கிற இடத்துக்கு நீங்களே இலக்கம் தேடி எடுத்துக் கேளுங்கள், தரகர் தந்த இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். எழுதித் தந்ததில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று ஆங்கிலம் தெரிந்த யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம், பாடசாலைப் பிள்ளைகளுக்கான வேலை என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம் இருக்கிறது, பாடசாலை மூலமாகவே கேட்கலாம், நடுவில் யாரும் தேவையில்லை.

இவர்களிடம் காசு கட்டிய வேறு சங்கங்கள் இருந்தால் பற்றுச்சீட்டின் படத்தோடு எனக்கு எழுதுங்கள். பலர் சேர்ந்து முறைப்பாடு கொடுத்தால் வழக்கு வேறு மாதிரி நடக்கும் என்கிறார் லோயர். இன்று காலையும் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது, விண்ணப்ப முடிவு இந்த வெள்ளிக்கிழமையாம்.