ஒரே ஈற்றில் பிறந்த அக்காவும் தங்கையும்: ஹாம்ஸ்டர் வாங்கி ஏமாந்த கதை

எலி மாதிரியான சின்னச் செல்லப்பிராணியான குள்ள ஹாம்ஸ்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். போன நவம்பரில் 4,000 ரூபாயும் ஓர் உயிரும் எனக்குப் போயின.

மகள் ஆறாம் வகுப்பு. ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றே ஒன்று என்று பேசி முடிவுசெய்துதான் வீட்டைவிட்டுக் கிளம்பினோம். வண்ண மீனும் பறவையும் விற்கிற, சென்னையின் வழக்கமான கடை. கடைக்காரர் ஒரு கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். இருபது குட்டிகளாவது இருக்கும், ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கிக்கொண்டிருந்தன. "பாருங்கள் சார், இதுகளுக்குக் கூட்டம்தான் உயிர். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் ஏங்கியே செத்துப்போகும்" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தத் தகப்பன் ஒன்றோடு நிறுத்துவான்?

ஜோடி 1,400 ரூபாய். "இரண்டும் பெண். ஒரே ஈற்றுக் குட்டிகள், அக்கா தங்கை" என்றார். ஒன்று நல்ல பருமன், முதுகில் கறுத்த கோடு. மற்றது அதில் பாதிதான் இருக்கும். கோடு கிடையாது, கண்ணுக்கு மேலே வெள்ளையாகப் புருவம் வரைந்தது போல இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். "சின்னது தங்கை சார்." ஒரே ஈற்றில் பிறந்ததில் ஏது அக்கா, ஏது தங்கை என்று எனக்கு உறைத்தது வீடு வந்து சேர்ந்த பிறகுதான்.

கூடவே இரண்டு தட்டுக் கூண்டு ஒன்றும் 2,600 ரூபாய்க்குத் தலையில் கட்டினார். சிவப்பும் நீலமுமாகக் குழாய்கள், உள்ளே ஒரு சக்கரம், ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒற்றை வாசல் வைத்த ஒரு குட்டி வீடு. பார்க்கக் கொள்ளை அழகு. பெரியதற்குக் கடுகு, சிறியதற்கு எள்ளு என்று மகள் பெயர் வைத்தாள்.

இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டே தூங்கின. மூன்றாவது வாரம் இரவில் கீச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது. சக்கரத்தில் எப்போது பார்த்தாலும் கடுகுதான். எள்ளு தீனித் தட்டுப் பக்கம் வந்தால் கடுகு துரத்தும். எள்ளின் பின்பக்கத்தில் ஓரிடத்தில் மயிர் உதிர்ந்திருந்தது. கடைக்குப் போன் செய்தேன். "விளையாட்டு சார், பழகிவிடும்" என்று பதில் வந்தது. நானும் நம்பினேன். இந்தக் கதையில் என் பங்குக் குற்றம் அதுதான், அதைக் கடைக்காரர் தலையில் போட முடியாது.

ஒரு ஞாயிறு காலை எள்ளு நீலக் குழாயின் மூடிய முனையில் ஒடுங்கிக் கிடந்தது. பின்பக்கம் முழுக்க ரத்தம், ஒரு காது கிழிந்திருந்தது. அந்தக் குழாய்க்கு ஒரே வழி. கடுகு அந்த வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு மருத்துவர்கள் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் பார்த்தார். காயத்தைக் கழுவி மருந்து கொடுத்துவிட்டு, இரண்டையும் மல்லாத்திப் பார்த்தார். பிறகு, "யார் சொன்னது அக்கா தங்கை என்று?" என்று கேட்டார்.

எள்ளு ஆண். அது போகட்டும், இரண்டும் ஒரே இனமே இல்லை. வெள்ளைப் புருவமும் கோடில்லாத முதுகும் ரோபோரோவ்ஸ்கி என்ற குள்ள இனம். மங்கோலியா, வட சீனப் பாலைவனத்து உயிர், வளர்ந்தாலே இரண்டு அங்குலம்தான். முதுகுக் கோடு வைத்தது விண்டர் ஒயிட் அல்லது கேம்ப்பெல் என்ற வேறு குள்ள இனம், அல்லது அவ்விரண்டின் கலப்பு. செல்லப்பிராணி வியாபாரத்தில் கலப்பு மலிந்துவிட்டதால் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வது கடினம் என்றார். வேறு வேறு இனங்களை ஒரு கூண்டில் விடவே கூடாதாம். பெரிய வகையான சிரியன் ஹாம்ஸ்டர் என்றால் பேச்சுக்கே இடமில்லை, வளர்ந்த பிறகு தன் இனத்தையே பக்கத்தில் சேர்க்காது.

அப்படியானால் தொட்டியில் குவிந்து தூங்கியது? அதையும் கேட்டேன். அது பொய்யில்லை என்றார் மருத்துவர். நாலைந்து வாரக் குட்டிகள் அப்படித்தான் தூங்கும். பருவத்துக்கு வந்த பிறகுதான் எல்லைச் சண்டை ஆரம்பிக்கும், அதற்குள் அவை கடையைவிட்டுப் போயிருக்கும். என்னை ஏமாற்றியது அந்தக் காட்சிதான்.

குள்ள இனங்கள் சேர்ந்து வாழவே வாழாது என்றும் அவர் சொல்லவில்லை. ஒரே இனம், ஒரே பால், கண் திறந்த நாள் முதல் பிரியாத உடன்பிறப்புகள் என்றால் சில ஜோடிகள் ஒத்துப்போகலாம். அப்போதும் சக்கரம், தண்ணீர், தீனி, மறைவிடம் எல்லாம் இரண்டிரண்டு வேண்டும். மறைவிடத்துக்கு இரண்டு வாசல் வேண்டும். கூண்டில் மாடித் தட்டும் குழாயும் கூடாது, ஒன்று மற்றதை மூலையில் மடக்க அவைதான் வசதி. தனித்தனியாக வளர்ந்த இரண்டை நடுவில் கொண்டுவந்து சேர்க்கவே கூடாது. ரத்தம் வந்துவிட்டால் அன்றோடு நிரந்தரப் பிரிவு, சமாதானம் செய்துவைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். ஆணும் பெண்ணுமாக விட்டால் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு முறை குட்டிதான். ஈன்ற அன்றே தாய் மறுபடி சினையாகிவிடக்கூடும். ஆகவே உதிரி கூண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஜோடி வாங்கவே கூடாது. தனியாக வளர்த்தால் ஏங்கிச் சாகாதா என்று மகள் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "சாகாது பாப்பா" என்றார்.

நான்காம் நாள் எள்ளு இறந்தது.

கடைக்குப் போனேன். "உயிருக்கெல்லாம் யார் சார் வாரண்டி தருவார்கள்?" என்றார். எந்த இனம், என்று பிறந்தது, ஆணா பெண்ணா என்று எதற்கும் அவரிடம் பதிவில்லை. என் ரசீதில் 'ஹாம்ஸ்டர் 2, கூண்டு 1' என்று மட்டும் இருந்தது. நான் திரும்பும்போது கூப்பிட்டு, மற்றது ஏங்கிப்போகும், பாதி விலைக்கு இன்னொன்று தருகிறேன் என்றாரே பார்க்கலாம்!

2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் ஹாம்ஸ்டருக்கும் பொருந்தும். கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள். இனத்தையும் பாலையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அந்த ரசீதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

கடுகு இப்போது யாரோ விற்ற பழைய நாலடி மீன் தொட்டியில் தனியாக இருக்கிறது. மேலே கம்பிவலை மூடி, கீழே ஒரு சாண் உயரத்துக்குத் தூசியில்லாத காகிதத் துணுக்கு. எல்லாம் சேர்த்து அந்தக் கூண்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை. இரவு முழுக்கச் சக்கரத்தில் ஓடுகிறது, பகலெல்லாம் தூங்குகிறது, ஏக்கத்தின் அறிகுறி ஒன்றும் காணவில்லை. அந்தக் கூண்டை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அதன் அடித்தட்டில் இப்போது என் மனைவி புதினா வைத்திருக்கிறாள்.