வாட்டர் பம்ப்: பெல்ட்டோடு சேர்த்து மாற்றுவதா, ஒழுகும்வரை ஓட்டுவதா?

"எத்தனை கிலோமீட்டரில் வாட்டர் பம்பை மாற்றலாம்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டை ஓடவிடும் அந்தப் பம்பை உங்கள் வண்டியில் சுற்றுவது எது? வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும், கவருக்குள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட்டா, வெளியே தெரியும் ஃபேன் பெல்ட்டா, டைமிங் செயினா, மின்மோட்டாரா? அது தெரியாமல் சொல்லும் எண் எல்லாம் குத்துமதிப்பு.

டைமிங் பெல்ட் சுற்றும் பம்ப் என்றால் பெல்ட்டோடு மாற்றும் கட்சிதான் நான். பெல்ட்டுக்குத் தயாரிப்பாளரே கெடு வைத்திருப்பார். பல வண்டிகளில் 1,00,000 கி.மீ.யை ஒட்டி, சிலவற்றில் இன்னும் தள்ளி. கூடவே ஆண்டுக் கணக்கும் இருக்கும். கவர், கிராங்க் புல்லி, சில வண்டிகளில் எஞ்சின் மவுண்ட் வரை கழற்றித்தான் பெல்ட்டை எட்ட முடியும். எட்டிவிட்டால் பம்ப் கண்ணெதிரே நிற்கும். கூடுதல் வேலை நாலு போல்ட்டும் ஒரு கேஸ்கெட்டும். பழைய பம்பை அப்படியே விட்டு, அது 30,000 கி.மீ. கழித்து ஒழுகினால் அதே கூலி இரண்டாம் முறை. கூலியாவது போகட்டும். பேரிங் இறுகினால் பெல்ட் அறும், அல்லது பல் தாண்டும். பெல்ட் போனால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை எஞ்சினாக இருந்தால் அப்புறம் பம்ப் விலையை யார் பேசப்போகிறார்கள்?

"நன்றாக ஓடுவதை ஏன் கழற்ற வேண்டும்?" என்பவர்களிடமும் கொஞ்சம் நியாயம் உண்டு. கையால் சுற்றினால் ஆட்டமில்லை, சத்தமில்லை, கசிவுமில்லை. ஆனால் உள்ளே கூலண்ட் கசியாமல் அடைக்கும் சீலுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று கை சொல்லாது. ஒரே ஒரு விலக்கு: கிடைப்பது தரம் தெரியாத மலிவுப் பம்ப் மட்டும் என்றால், ஒழுகாத பழைய ஒரிஜினலே மேல்.

ஃபேன் பெல்ட் சுற்றும் பம்புக்குக் கணக்கு தலைகீழ். வெளியிலேயே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சின்னக் கசிவுத் துளை இருக்கும். அதன் கீழே காய்ந்த லேசான கறை மட்டும் என்றால் கவனித்து வரலாம். சொட்டினாலோ, உறுமல் கேட்டாலோ, புல்லியைப் பிடித்து அசைத்தால் ஆடினாலோ தள்ளிப்போடாதீர்கள். ரேடியேட்டர் விசிறியே பம்ப் ஷாஃப்டில் பூட்டியிருக்கும் பழைய எஞ்சின்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பேரிங் விட்டுக்கொடுத்தால் விசிறி ரேடியேட்டரையே கிழிக்கும்.

செயின் சுற்றும், எஞ்சினுக்குள்ளேயே இருக்கும் பம்ப் தனி வில்லங்கம். குறுக்குவாட்டில் பொருத்திய ஃபோர்டின் 3.5 லிட்டர் வி6 எஞ்சின் இதற்கு உதாரணம்: சீல் போனால் கூலண்ட் ஆயிலில் கலக்கக்கூடும். இதற்காகவே எஞ்சினைத் திறப்பது பெரிய செலவு. செயின் வேலை வரும்போது மாற்றிவிடுங்கள். அதுவரை கூலண்ட் மட்டம் காரணமின்றி இறங்குகிறதா, ஆயில் பால் கலந்ததுபோல் ஆகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் போன்றவற்றில் பம்பே மின்சாரம். பெல்ட் கிடையாது, அதனால் சேர்த்து மாற்றும் பேச்சும் கிடையாது. எச்சரிக்கை விளக்கையும் வெப்பத்தையும் நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

எந்த வகையானாலும், கழற்றிய பம்பை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூலண்டைத் தள்ளும் சிறகுச் சக்கரமான இம்பெல்லர் துருப்பிடித்து அரித்திருந்தால், கூலண்டை மாற்றாமல் விட்டதோ வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதோதான் பெரும்பாலும் காரணம். அதைத் திருத்தாவிட்டால் புதுப் பம்பும் அதே வழியில்தான் போகும்.