தானாகக் கறுக்கும் வெல்டிங் ஹெல்மெட் வாங்கலாமா?

வாங்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராண்ட் பெயர் எழுதப்போவதில்லை; இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு விலையில் கடையில் தொங்குகிற நாலைந்தும் உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான், குறைகளும் ஒன்றேதான்.

எங்களுடையது கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை. கேட், கிரில், மாடிப்படி, தகர ஷெட். கணக்கும் கொள்முதலும் என் பொறுப்பு. இந்த ஹெல்மெட் வாங்கும்வரை எங்கள் வெல்டர்கள் பிடித்தது கறுப்புக் கண்ணாடி பதித்த கை ஷீல்டு. ஒரு கையில் வெல்டிங் ராட் மாட்டிய ஹோல்டர், இன்னொரு கையில் ஷீல்டு என்றால் பற்றவைக்கும் பொருளை, அதாவது ஜாபை, பிடிக்கக் கை ஏது? அதனால் டேக், அதாவது துண்டுகள் நகராமல் இருக்க முதலில் போடும் சின்னப் பொட்டு, வைக்கும்போது ஷீல்டைக் கீழே வைத்துவிடுவார்கள். ராடைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணை இறுக்கி மூடி, ஒரு பொட்டு. ஒரு கிரில்லுக்கு எத்தனை பொட்டு என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பாதிக்குக் கண் முழுசாக மூடியிருக்காது.

ராட் முனையில் எரியும் ஆர்க் வெளிச்சத்தில் வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. உடனே தெரியாது. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்து, நடு ராத்திரியில் கண்ணுக்குள் மணலை வாரிப் போட்டதுபோல உறுத்தும். தண்ணீராகக் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. பட்டறைப் பக்கம் இதற்குத் தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்மேல் வைப்பார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும் என்பதால் உருளைக்கிழங்குக்கு நல்ல பெயர். கண் டாக்டரிடம் போங்கள்.

சரி, ஹெல்மெட்டுக்கு வருவோம். கண்ணாடியில் எப்போதும் லேசான பச்சை இருக்கும்; அதன் வழியாக ராட் முனையும் ஜாபும் தெளிவாகத் தெரியும். ஆர்க் பிடித்த கணத்தில் முன்னால் இருக்கும் சென்சார் கண்டுபிடித்துக் கறுத்துவிடும். டப்பாவில் விநாடியில் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு என்று போட்டிருக்கிறார்கள். அதை நான் அளக்கவில்லை. ஆனால் டேக் வைக்கையில் யாரும் கண் மூடுவதில்லை, எனக்கு அது போதும். பலருக்குத் தெரியாத ஒன்று: கறுப்பது எல்லாம் கண் கூசாமல் இருக்கத்தான். புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் பூச்சு கண்ணாடியிலேயே இருக்கிறது. தரமான கண்ணாடி என்றால், பேட்டரி செத்துப் போய்க் கறுக்காவிட்டாலும் அந்தத் தடுப்பு இருக்கும்.

ஷேடு, அதாவது கண்ணாடி எவ்வளவு கறுக்க வேண்டும் என்ற எண், ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை மாற்ற ஒரு திருகு உண்டு. எங்கள் நூறு, நூற்றிருபது ஆம்பியர் வேலைக்குப் பத்து அல்லது பதினொன்றில் வைத்தால் சரியாக இருக்கிறது.

இனி குறைகள். குழாய்க்குப் பின்னால், மூலையில் குனிந்து பற்றவைக்கும்போது சென்சார் மறைந்துவிடும். கண்ணாடி வெளுத்துக் கறுத்து மின்னும். சென்சார் நான்கு இருக்கும் மாடலில் இது குறைவு, நம் விலைக்கு இரண்டுதான். வெளியே வெயிலில் சைட் வேலைக்குப் போனால் சூரியனைப் பார்த்தே கறுத்துவிடுகிறது, சென்சிட்டிவிட்டியைக் குறைக்க வேண்டும். தலைப்பட்டை மட்ட ரகம். சித்திரை வெயிலில் அதன் நெற்றிப் பஞ்சு நனைந்து பிய்ந்துபோனது. "அம்மணி, இதைப் போட்டா தலை கொதிக்குதுங்க" என்று எங்கள் மூத்த வெல்டர் அதை ஆணியில் மாட்டிவிட்டுப் பழைய ஷீல்டையே எடுத்தார். அவரை மாற்றியது என் பேச்சு அல்ல, கழுத்துக்குப் பின்னால் நாங்கள் திருப்பி வைத்த ஃபேன்.

பெரிய குறை ஹெல்மெட்டில் இல்லை, வாங்கும் எங்களிடம் இருக்கிறது. வெல்டருக்கு ஒன்று வாங்கியதும் வேலை முடிந்தது என்று முதலாளிகள் நினைத்துக்கொள்கிறோம். ஆங்கிளைப் பிடித்துக்கொண்டு ஆர்க்குக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஹெல்பர் பையன்? அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவுதான் அவன் பாதுகாப்பு. அவனுக்கு ஆட்டோ டார்க் வேண்டியதில்லை. முந்நூறு, நானூறு ரூபாய்க்குச் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போட்ட தலைக்கவசம் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் அதை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் இதை வாங்குங்கள்.

சில பட்டறைகளில் ஹெல்மெட் காசைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆம் பிரிவே, பாதுகாப்புக்காக முதலாளி செய்து தரவேண்டியவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றது. 111ஆம் பிரிவு தொழிலாளிக்கு: கொடுத்த சாதனத்தை வேண்டுமென்றே கெடுக்கக் கூடாது, பயன்படுத்தாமல் விடக் கூடாது என்றது. அந்தச் சட்டப்படி மின்சாரத்தில் வேலை நடக்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் ஃபேக்டரியாக இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் வருஷத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது இருபது. எங்களைப் போன்ற பட்டறை அதற்குள் வராது, இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்க்க மாட்டார். அதற்காகத் தப்பித்தோம் என்று கிடையாது. 1923லிருந்து இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பரிலிருந்து 2020ஆம் வருஷச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதன் அட்டவணையில், மற்றக் கண் நன்றாக இருக்க ஒரு கண் போனால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு என்று போட்டிருக்கிறது. கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே ஒதுக்கியதால் வந்த காயம் என்றால், சாவோ முழு நிரந்தர ஊனமோ இல்லாத பட்சத்தில், முதலாளி பொறுப்பில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. வாங்கித் தராத முதலாளி அந்த வாதத்தை எடுக்கவே முடியாது. ஆணியில் மாட்டி வைக்கும் வெல்டர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று, இது புகையைத் தடுக்காது. ஹெல்மெட் போட்டதும் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோகிறார்கள், புகை உள்ளேயே சுற்றுகிறது. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் பற்றவைத்த அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வருவது துத்தநாகப் புகையால்தான். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. ஜிஐ வேலையை வாசலுக்குத் தள்ளுங்கள், அந்தத் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள், நல்ல மாஸ்க் தனியாக வாங்குங்கள்.

கடைக்குப் போகிறவர்கள் கவனிக்க: பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடலா என்று திறந்து பாருங்கள். சிஆர் 2032 என்ற காசு பேட்டரி எங்கும் கிடைக்கும். உள்ளேயே ஒட்டி வைத்தது தீர்ந்தால் ஹெல்மெட்டே குப்பை. வெளிக் கண்ணாடி பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகிவிடும், அந்த பிளாஸ்டிக் தகட்டைக் கூடவே பத்து வாங்கிவிடுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள். இந்த ஹெல்மெட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். தலைப்பட்டை சரியாக இருந்தால் நான்கு.