கிட் பியருக்கு ஹாப்ஸ் மணம்: எது நிற்கிறது, எது பறந்துபோகிறது

வீட்டிலேயே பியர் செய்ய விற்கும் கூப்பர்ஸ் போன்ற ஆஸ்திரேலியக் கிட்களில், ஹாப்ஸ் சேர்த்து வற்றவைத்த மால்ட் (முளைகட்டிய பார்லி) பாகு உள்ள 1.7 கிலோ டின்னை 23 லிட்டராகக் கரைத்து ஈஸ்ட் தூவினால் பியர் வந்துவிடும். கசப்பு சரியாகவே இருக்கும். மூக்குக்குத்தான் ஒன்றும் எட்டாது. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் உள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறிக் கசப்பாகி வோர்ட்டிலேயே (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாற்றிலேயே) தங்கிவிடுகிறது. மிர்சீன் போன்ற மண எண்ணெய்கள் அப்படியில்லை. கொதியிலும், வோர்ட்டைப் பாகாக வற்றவைக்கும்போதும் அவற்றில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஆகவே நாம் சேர்க்க வேண்டியது மணம் மட்டும்தான். டின்னில் உள்ள பாகைத் திரும்பக் கொதிக்கவைப்பது வீண்வேலை. மிச்சமிருக்கும் மணமும் போகும், நிறமும் கறுக்கும். ரசம் நுரைகட்டியதும் இறக்குவதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கேயும். வீடு முழுக்க ஹாப்ஸ் மணக்கிறது என்றால் அந்த மணம் கிளாஸுக்கு வரப்போவதில்லை.

மிகச் சுலபமான வழி ஹாப்ஸ் தேநீர். கொதித்து 80 டிகிரிக்கு ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய குளிகையான பெல்லட்டை 20 கிராம் போட்டு 15 நிமிடம் மூடிவைத்து, சாற்றை ஃபெர்மென்டரில் (நொதிக்கவைக்கும் கலத்தில்) ஊற்ற வேண்டும். காபிக்கான பிரெஞ்ச் பிரஸ் இதற்கு நன்றாகப் பயன்படும். ஆனால் முதல் நாளே ஊற்றினால் நொதிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு மணத்தில் பாதியை வெளியே கொண்டுபோய்விடும். நாக்கில் லேசான ருசி நிற்கும், அவ்வளவுதான். இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

சிறு கொதி இதைவிட நல்ல பலன் தருகிறது. 3 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் வெளிர்நிற உலர் மால்ட் பொடியைக் கரைத்தால் அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) ஏறக்குறைய 1.038 வரும். கொதி வந்ததும் 20 கிராம் கேஸ்கேட் ரக ஹாப்ஸ் போட்டு 10 நிமிடம். அடுப்பை அணைத்ததும் இன்னொரு 20 கிராம் போட்டு, மூடி 15 நிமிடம். பிறகு பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி ஆறவைத்து, வடிகட்டிச் சேர்க்கலாம். 6 சதவீத ஆல்ஃபா உள்ள கேஸ்கேட் என்றால் அந்த 10 நிமிடக் கொதி 23 லிட்டரில் சுமார் 5 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) கசப்பைக் கூட்டும். அதே எடையில் 12 சதவீத ஆல்ஃபா உள்ள சிட்ரா ரகம் போட்டால் 10 ஆகிவிடும். ஏற்கெனவே கசப்பான ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பியர் வகை) டின்னில் இதைச் செய்தால் தொண்டையில் காறும். கசப்பு குறைந்த லாகர், டிராஃப்ட் வகை டின்கள் தாங்கும். பெல்லட் விழுந்த நொடியில் நுரை பொங்கும் என்பதால் 6 லிட்டருக்குக் குறையாத பாத்திரம் வேண்டும். கிட்டோடு ஒரு கிலோ சர்க்கரை போடச் சொல்லியிருந்தால், இந்த மால்ட் அதில் ஒரு பகுதிக்கு ஈடாகும். அது பெரிய லாபம். வெறும் சர்க்கரையால் மெலிந்த பியரில் ஹாப்ஸ் ஒட்டாமல் தனியாகத் துருத்தும்.

மூக்குக்கு எட்டும் மணம் வேண்டுமென்றால் டிரை ஹாப்பிங்தான், அதாவது கொதிக்கவைக்காமல் ஹாப்ஸை நேராக ஃபெர்மென்டரில் போடுவது. மேலே சொன்ன இரண்டையும் விட்டுவிட்டாலும் இதை விடக்கூடாது. லிட்டருக்கு 2 கிராம், அதாவது 23 லிட்டருக்கு 45 கிராம் அளவு பெல்லட். போடும் நேரம்தான் முக்கியம். நொதித்தல் மும்முரமாக இருக்கும்போது போட்டால், கரைந்திருக்கும் வாயு ஒவ்வொரு துகளையும் பற்றிக்கொண்டு கிளம்பி மூடியைத் தாண்டிப் பொங்கும். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் இறுதி அளவுக்கு ஓரிரு புள்ளி (ஒரு புள்ளி 0.001) மேலே, உதாரணமாக 1.013-இல் நிற்கும்போது போடுவது நல்லது. உள்ளே புகும் ஆக்சிஜனை மிச்சமிருக்கும் ஈஸ்ட் தின்றுவிடும். மூடியைச் சட்டென்று திறந்து போட்டு மூட வேண்டும், கிளறவே கூடாது. ஆக்சிஜன் ஏறிய பியர் சில வாரத்தில் பழுப்பேறி, ஈரமான அட்டைப்பெட்டி வாடை அடிக்கும்.

18 முதல் 20 டிகிரியில் மூன்று நாள் போதும். ஒரு வாரத்துக்கு மேல் ஊறினால் புல் வாடை ஏறும். துணிப்பையில் கட்டிப் போடுவதாக இருந்தால் தளர்வாகக் கட்டுங்கள். இறுகக் கட்டினால் பெல்லட் ஊதி, நடுப்பகுதி நனையாமலே கிடக்கும். பையில்லாமல் போட்டு, பின் இரண்டு நாள் 2 டிகிரி குளிரில் வைத்துப் படியவிடுவதே அதிக மணம் தருகிறது. குளிர்சாதனப் பெட்டியில் இடம் இல்லாதவர்களுக்குப் பை.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. ஈஸ்டால் உண்ண முடியாத பெரிய சர்க்கரைச் சங்கிலிகளான டெக்ஸ்ட்ரின்களை ஹாப்ஸில் உள்ள நொதிகள் உடைத்து, உண்ணக்கூடிய சர்க்கரையாக்கிவிடும். முடிந்துபோன நொதித்தல் மெல்லத் திரும்பத் தொடங்கும். அது தெரியாமல் பாட்டிலில் அடைத்தால் வெண்ணெய் வாடை வரலாம், அழுத்தம் கூடிப் பாட்டில் வெடிக்கவும் செய்யலாம். ஆகவே ஹாப்ஸ் போட்ட பிறகு, குளிரில் வைப்பதற்கு முன், இரண்டு நாள் இடைவெளியில் அளந்து ஒரே எண் வந்தால்தான் அடுத்த வேலை. 750 மில்லி பாட்டிலுக்கு இரண்டு கார்பனேஷன் டிராப் (பாட்டிலில் வாயு உண்டாக்கும் சர்க்கரைக் கட்டி) என்ற வழக்கமான அளவை மாற்ற வேண்டாம். துகள்கள் பாட்டிலுக்குள் போனால் திறந்ததும் பீய்ச்சும்.

பாட்டில் பழுப்பாக இருக்கட்டும். வெளிர் பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருளே கெட்டு நாற்றமடிக்கும். அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வாயு ஏறியதும் குளிரில் வைத்து, இரண்டு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். கெலக்ஸி, சிட்ரா போன்ற ரகங்களின் பழமணம் அதற்குப் பின் மங்கிவிடும்.

பிரித்த ஹாப்ஸ் பாக்கெட்டைக் காற்றை அழுத்தி வெளியேற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பச்சை மங்கிப் பழுப்பாகி, பழைய சீஸ் வாடை அடித்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். வடிகட்டிய ஹாப்ஸ் சக்கையை, நாய் வளர்க்கும் வீட்டில் தோட்டத்து உரக்குழியில் போடக்கூடாது. அதைத் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். சக்கையைப் பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.