பிளக்இன் சும்மா போட்டுத் தருகிறேன் என்றால் நம்பிவிடாதீர்கள்

பாசிக்குடாவில் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே மூன்று அறைகள் வாடகைக்கு விடுகிறோம். பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஊரில் எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்கு இணையத்தளம்தான் பெயர்ப்பலகை. அதில் நான் எப்படி ஏமாந்தேன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கடை, விடுதி, தையல், கைத்தறி என்று தொழில் செய்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் டவுனில் இணையத்தளம் செய்து கொடுக்கும் ஒருவரிடம் போனேன். வேர்ட்பிரஸில் (இணையத்தளம் செய்ய உதவும் இலவச மென்பொருள்) செய்து தருவதாகச் சொல்லி 85,000 ரூபா கேட்டார். அறை பதிவுக்கு ஒரு பிளக்இன் (தளத்தோடு சேர்த்துப் போடும் கூடுதல் நிரல்), படங்கள் நகர ஒரு ஸ்லைடர், பக்கங்களை வடிவமைக்க ஒரு பில்டர். மூன்றும் காசு கட்டி வாங்க வேண்டியவை. "அதெல்லாம் டொலரில வருசா வருசம் கட்டோணும் அக்கா. என்னட்ட இருக்கு, உங்களுக்குச் சும்மா போட்டுத் தாறன்" என்றார். எனக்கு உதவி செய்கிறார் என்றே நினைத்தேன். பராமரிப்புக்கு வருடம் 30,000 ரூபா என்றும் பேசிக்கொண்டோம். எழுத்தில் எதுவும் இல்லை. எல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவுகள்தான்.

இந்தப் பங்குனியில், சீசன் தொடங்க முன், வழக்கமாக எங்களிடம் வந்து தங்கும் கண்டிக் குடும்பம் ஒன்று கோல் எடுத்தது. "அன்ரி, உங்கட வெப்சைட்டத் திறந்தா சூதாட்டப் பக்கம் ஒண்டு வருது" என்றார்கள். உடனே மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். எங்கள் முற்றத்துத் தென்னை, அறைகள், கடல், எல்லாம் அப்படியே இருந்தன. அவர்கள் வேறு எதையோ அழுத்திவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் அவர்கள் போன் திரையை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். கூகிளில் எங்கள் விடுதியின் பெயரைத் தேடுகிறார்கள், எங்கள் முகவரியைத் தொடுகிறார்கள், ஒரு நொடி எங்கள் முற்றம் தெரிகிறது, உடனே சூதாட்டப் பக்கத்துக்குத் தாவுகிறது.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. உள்ளே புகுந்திருக்கும் நிரல், வருகிறவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று பார்க்கிறது. முகவரியை நேரே தட்டி வருகிறவருக்கும் லொகின் செய்திருப்பவருக்கும் சரியான பக்கத்தைக் காட்டும். போனில் கூகிள் வழியாக வருகிறவரை மட்டும் வேறு இடத்துக்கு அனுப்பிவிடும். அதனால் சொந்தக்காரருக்குத்தான் கடைசியாகத் தெரியவரும். எத்தனை பேர் இப்படித் திரும்பிப் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சு வலிக்கிறது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு மற்ற வருடங்களில் மூன்று அறையும் நிறைந்துவிடும். இந்த முறை ஒன்றுக்குத்தான் ஆள் வந்தது.

உங்கள் தளத்தை இன்றே இப்படிப் பார்த்துவிடுங்கள். வேறொருவரின் போனை வாங்கி, கூகிளில் தேடி, அந்த முடிவைத் தொட்டு உள்ளே போங்கள். அப்புறம், தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். என் தளத்தில் இருந்ததே ஏழு பக்கங்கள். கூகிள் நூற்றுக்கணக்கில் காட்டியது, எல்லாம் யப்பான் எழுத்தில் பை, மணிக்கூடு விற்கும் தலைப்புகள்.

செய்து தந்தவரிடம் கேட்டேன். "அது அவங்கட போனில வைரஸ் அக்கா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றார். வீடியோவை அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அதற்குப் பிறகு கோலும் எடுபடவில்லை.

கல்லடியில் கணினி வேலை தெரிந்த உறவுக்காரத் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். முதலில் அவர் கேட்டது, "அக்கா, உங்கட டாஷ்போர்டில பிளக்இன்ஸ் எண்ட மெனுவே இல்லையே?" என்பது. எனக்குத் தரப்பட்டிருந்தது எடிட்டர் கணக்கு. எழுதலாம், படம் மாற்றலாம், அவ்வளவுதான். பிளக்இன் பட்டியலைப் பார்க்கக்கூட அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வேண்டுமாம். இரண்டு வருடமாக என் தளத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமையே எனக்கு இருக்கவில்லை.

தெரிந்தவர்களைப் பிடித்து நெருக்கியபின் ஹோஸ்டிங், அதாவது தளத்தின் பைல்கள் இருக்கும் இணைய இடத்தின், பாஸ்வேர்ட் மட்டும் கிடைத்தது. தம்பி பைல்களைத் திறந்து எனக்கும் காட்டினார். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் பங்ஷன்ஸ் பைலின் தலையில், வாசிக்க முடியாத எழுத்துக் குவியல் ஒன்று. இன்னொரு போல்டரில் 'டபிள்யூபி-விசிடி' என்ற பெயரில் ஒரு பைல். களவாக உடைத்துப் பகிரப்படும் தீம்கள், பிளக்இன்கள் வழியாகப் பரவுகிற, பல வருடமாகத் தெரிந்த நச்சு நிரல் அது என்றார். அந்த வாசல் ஒருமுறை திறந்தால் வேறு யாரும் உள்ளே வரலாம். எனக்குச் சும்மா கிடைத்த மூன்றும் அப்படி உடைத்த பிரதிகள். உடைத்த பிரதிக்கு, அந்தப் பிளக்இனை உருவாக்கியவர்களிடமிருந்து அப்டேட் வராது. போட்ட நாளிலிருந்து அவை ஒருமுறைகூடப் புதுப்பிக்கப்படவில்லை. அப்படியென்றால் நான் கட்டிய பராமரிப்புக் காசு எதற்கு?

ஒரு விடயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். வேர்ட்பிரஸ், யாரும் பிரதி எடுத்துப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் பிளக்இன் நிரலைப் பிரதி எடுப்பது என்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. நாம் காசு கட்டுவது அப்டேட்டுக்கும் உதவிக்கும். ஆபத்து, இடையில் யார் கைவைத்தார்கள் என்று தெரியாத ஜிப் பைலை நம் தளத்தில் ஏற்றுவதில்தான்.

துப்புரவாக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். அடுத்த நாளே திரும்பவும் வந்தது. ஒரே ஹோஸ்டிங் கணக்குக்குள் தளம் செய்து தந்தவர் பதினொரு வாடிக்கையாளரின் தளங்களை வைத்திருந்தார். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒட்டிக்கொள்ளும். என்னுடையதை மட்டும் கழுவி என்ன பயன்? மற்றப் பத்துப் பேருக்கும் நாங்களே தேடிப்பிடித்துச் சொன்னோம். இருவர் நன்றி சொன்னார்கள். ஒருவர் எங்கள் மேல் கோபப்பட்டார்.

டொமைன் (தளத்தின் முகவரி) கதை இதைவிட மோசம். என் காசில் எடுத்த டொட்கொம் முகவரி அவருடைய கணக்கில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. வேறிடத்துக்கு மாற்ற அந்தக் கணக்கிலிருந்து ஒரு இரகசியக் கோட் எடுக்க வேண்டும். அதைத் தர 40,000 ரூபா கேட்டார். நான் கொடுக்கவில்லை.

இப்போது டொட்எல்கே முகவரி ஒன்றை என் பெயரில், என் மின்னஞ்சலில் நானே பதிந்திருக்கிறேன். ஹோஸ்டிங் பில்லும் எனக்கே வருகிறது. தம்பிக்கு அட்மின் கணக்கு தனியாகக் கொடுத்திருக்கிறேன், வேலை முடிந்தால் நானே எடுத்துவிடலாம். பிளக்இன்கள் எல்லாம் வேர்ட்பிரஸின் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கும் இலவசப் பதிப்புகள். ஸ்லைடர் இல்லை, எந்த விருந்தினரும் அதைத் தேடவும் இல்லை. கிழமைக்கு ஒருமுறை பேக்கப் என் கூகிள் ட்ரைவுக்கு வருகிறது. யாரிடமாவது தளம் செய்யக் கொடுத்தால், கடைசிக் காசைக் கொடுக்க முன் டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, அட்மின் கணக்கு மூன்றிலும் அவர் முன்னாலேயே உங்கள் போனில் நுழைந்து பாருங்கள்.

வாசலில் இருந்த பலகையில் புது முகவரியை எழுதிவிட்டோம். ஆனால் இரண்டு வருடமாகக் கொடுத்த பில்களிலும் விசிட்டிங் கார்ட்களிலும் பழைய டொட்கொம் முகவரிதான் இருக்கிறது. அது இன்னும் திறக்கிறது. எங்களிடம் தங்கிப் போனவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அதை அழுத்த வேண்டாம். போன் நம்பர் மாறவில்லை, கோல் எடுங்கள்.