முடக்குவாதத்தின் மரபணு வேர்: ஒரு நாட்டு ஆய்வா, பல நாட்டுக் கூட்டாய்வா?

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல், வெந்நீரில் கையை வைத்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தவர்களுக்கு இந்த மூட்டு நோயின் மரபணுக் காரணத்தைத் தேடுவதன் அவசரம் புரியும்.

2007-இல் பிரிட்டனில் வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் ஆய்வுக் கூட்டமைப்பு, முடக்குவாதம் உட்பட ஏழு நோய்களைச் சேர்த்து ஆராய்ந்தது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 2,000 நோயாளிகள். ஒப்பிடுவதற்கு எல்லா நோய்க்கும் பொதுவாக 3,000 பேர். செலவு மிச்சம். முடக்குவாதத்தோடு தொடர்புள்ளவையாக, நோய் எதிர்ப்பு மரபணுக்கள் கொண்ட எச்எல்ஏ பகுதியும் பிடிபிஎன்22 என்ற மரபணுவும் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். பிடிபிஎன்22-இல் நோயோடு தொடர்புள்ள மாற்றம், அதாவது அது உருவாக்கும் புரதத்தின் 620-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டிரிப்டோஃபான், ஜப்பானியரிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அங்கே 2003-இலேயே பிடிபட்டது வேறொரு மரபணு: பிஏடிஐ4.

அப்புறம் 2014-இல் வந்த கூட்டாய்வு, ஐரோப்பிய, ஆசிய வம்சாவளியினர் 1,00,000-க்கும் மேற்பட்டோரின் தரவைச் சேர்த்தது. நோயோடு தொடர்புள்ள 101 மரபணு இடங்கள் தெரியவந்தன. அதில் 42 புதியவை. இத்தனை குழுக்களின் தரவை ஒன்றாக்குவது லேசான வேலை இல்லை, சரி. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். அந்த இடங்களிலுள்ள சில மரபணுக்கள், நோயாளிகளுக்கு ஏற்கெனவே கொடுக்கப்படும் மருந்துகளின் இலக்குகளோடு பொருந்திவந்தன.