எஸ்யூவி பிடித்திருக்கிறது, இன்ஜின் உறுத்துகிறது: வாங்கலாமா, விடலாமா?

பெயின்ட் மங்கவில்லை. சீட் கிழியவில்லை. விலையும் அதே வருடத்து மற்ற வண்டிகளைவிட நன்றாகவே குறைவு. ஆனால் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி ஒரு கடகட சத்தம் வந்து அடங்குகிறது, அல்லது ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்னால் லேசாக நீலப் புகை. இப்படி ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி முன் நிற்பவருக்கு நான்கு வழி உண்டு. அப்படியே வாங்கி ஓட்டலாம். வாங்கி இன்ஜின் வேலை பார்க்கலாம். அதே மாடலில் வேறு இன்ஜின் உள்ளதைத் தேடலாம். அதே பணத்துக்கு நல்ல நிலையில் இருக்கும் சின்ன காருக்குப் போகலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுது தெரிந்த வண்டியை வாங்கலாம், சந்தேகம் தீராத வண்டியை வாங்கக் கூடாது. பழுது என்றால் மெக்கானிக் ஒரு தொகை சொல்வார், அதை விலையில் கழித்துக் கேட்கலாம். சந்தேகத்துக்கு யாரும் தொகை சொல்ல முடியாது.

அதனால் முதல் வழி, அதாவது "இப்போதைக்கு ஓடுகிறதே" என்று அப்படியே வாங்குவது, சோதனை முடியும்வரை கணக்கிலேயே வரக் கூடாது. அந்தச் சோதனை குளிர்ந்த இன்ஜினில் நடக்க வேண்டும். ஒருமுறை நான் ஒரு டீசல் எஸ்யூவியைப் பார்க்கப் போனபோது பானட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. "இப்பத்தான் கடைக்குப் போய்ட்டு வந்தேன் அண்ணே" என்றார் விற்பவர். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேய்ந்த டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி), பலவீனமான ஹீட்டர் பிளக் (குளிர்ந்த டீசல் இன்ஜினைச் சூடாக்கி ஸ்டார்ட் செய்ய உதவுவது), ராத்திரி முழுக்க சிலிண்டருக்குள் கசிந்து நின்ற கூலண்ட் (ரேடியேட்டர் நீர்) எல்லாம் காட்டிக்கொடுப்பது காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில விநாடிகளில்தான். "நாளைக்குக் காலையில் வருகிறேன், நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புகையை நிதானமாகப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் டீசலோ பெட்ரோலோ அதிகமாகப் போகிறது, பெரும்பாலும் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், காற்று வழி சம்பந்தப்பட்டது. பெரிய பயம் வேண்டாம். சூடான பிறகும் நிற்காத, இனிப்பு வாடை அடிக்கும் வெள்ளைப் புகை என்றால் கூலண்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் உள்ள அடைப்பு) சந்தேகிக்கலாம். நீலம் என்றால் ஆயில் குடிக்கிறது. அதிலும் வித்தியாசம் உண்டு. ஏறும்போது, இழுக்கும்போது வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வந்து மறுபடி அழுத்தும்போது மட்டும் ஒரு கொத்தாக வந்தால் பெரும்பாலும் வால்வ் சீல், அந்த வேலை எவ்வளவோ சின்னது.

அப்புறம் கம்ப்ரஷன் செக், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கீழே கிடந்தால் லீக் டவுன் சோதனை கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. அந்த சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை ஏற்றிவிட்டு, காது வைத்துக் கேட்பார்கள். சைலன்சர் பக்கம் உஸ்ஸென்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ். காற்று வடிகட்டிப் பக்கம் வந்தால் இன்டேக் வால்வ். ரேடியேட்டரில் குமிழி கிளம்பினால் கேஸ்கெட் அல்லது விரிசல். ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் ரிங்கோ சிலிண்டரின் உட்சுவரோ தேய்ந்திருக்கிறது. காலையில் சந்தேகமாக இருந்தது, மதியத்துக்குள் பெயர் உள்ள பழுதாகிவிடும்.

ஸ்கேனரில் "கோளாறு எதுவும் இல்லை" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பதிவான கோளாறுக் குறியீட்டை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பல வண்டிகளின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், விற்பவர் எதை, ஏன் அழித்தார் என்று கேட்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, இன்ஜின் வேலை. இது எந்த இன்ஜின் என்பதைப் பொறுத்தே முடிவாகும். பிஎம்டபிள்யூ எக்ஸ்1, எக்ஸ்3 வண்டிகளில் வந்த என்47 டீசலில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் விலை பெரிதல்ல, ஆனால் அதைத் தொட இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். கூலிதான் கொல்லும். பேரிங் போன இன்ஜின் என்றால் இன்னொரு சிக்கல். இரும்புத் துகள் ஆயில் கூலர், டர்போ குழாய் வரை போய் உட்கார்ந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல், மாற்றாமல் புது இன்ஜினைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய இன்ஜின் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அதன் வரலாறும் நமக்குத் தெரியாது. ஒரு சந்தேகத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பொருத்துவதற்கு நான் பணம் தர மாட்டேன். வாரண்டியோடு புதுப்பித்த இன்ஜினுக்கான முழுச் செலவையும் கூட்டிய பிறகும் நல்ல வண்டியின் விலையைவிடத் தெளிவாகக் கீழே நின்றால் மட்டும் இந்த வழி.

ரீகால் ஆன வண்டி, அதாவது பழுதுக்காகக் கம்பெனியே திரும்ப அழைத்த வண்டி என்றதும் பலர் ஓடிவிடுகிறார்கள், அது தேவையில்லை. ஹூண்டாய், கியாவின் தீட்டா 2 பெட்ரோல் இன்ஜினில், தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள் பேரிங்குக்குப் போகும் ஆயிலை அடைத்ததால், 2017-இல் அமெரிக்காவில் சான்டா ஃபே ஸ்போர்ட், சொரென்டோ, ஸ்போர்டேஜ் எல்லாம் ரீகாலில் வந்தன. 2025-இல் ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் வி8 இன்ஜினுக்காக டாஹோ, எஸ்கலேட் எஸ்யூவிகள் உட்பட அங்கே சுமார் 6 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இப்படி ஒரு வண்டியில் ரீகால் வழியாகப் புது இன்ஜின் போட்டதற்குக் காகிதம் இருந்தால், அது ரீகால் வந்தும் கொண்டுபோகாத வண்டியைவிட நிச்சயம் மேல். சேஸிஸ் எண்ணை வைத்துச் சரிபார்க்கச் சில நிமிடம் போதும்.

மூன்றாவது வழியை யாரும் யோசிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். மேலே சொன்ன டாஹோவிலேயே 5.3 லிட்டர் இன்ஜின் அந்த ரீகாலில் இல்லை. அதே உடல், அதே இடவசதி, இழுவை கொஞ்சம் குறைவு. அதற்கென்று தனிப் புகார்கள் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். ஆனால் பிடித்த வண்டியை விடாமல் உறுத்துகிற இன்ஜினை மட்டும் விட்டுவிட இதுதான் வழி. ஒரு மாதம் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சின்ன கார்? ஐந்து பேர், மேடு, கனமான சாமான் என்ற தேவை நிஜமாக இருந்தால் அது தீர்வாகாது. வருடத்தில் இரண்டு தடவை மட்டும் அந்தத் தேவை என்றால் யோசிக்கவே வேண்டாம், சின்ன காரை எடுங்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அந்த டீசல் எஸ்யூவியைப் பார்க்கப் போனேன். பானட் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆக மூன்று தடவை செல்ஃப் எடுத்தது. ஆயில் மூடியைத் திறந்ததும் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு, புகையாகவே மேலே வந்தது. கம்ப்ரஷன் செக் பண்ணலாமா என்று கேட்டேன், விற்பவர் சம்மதிக்கவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு வாரம் கழித்து அதே மாடலில், அதைவிட மூன்று வருடம் பழைய வண்டியை வாங்கினேன். அதில் இரண்டு இன்ஜெக்டர் போயிருந்தது, விற்றவரே எழுதிக் கொடுத்திருந்தார்.